ஜூஜுவாடியைத் தாண்டாத அனஸ்தீசியா சார்ட்

ஓசூரிலிருந்து பெங்களூரு போகும் நெடுஞ்சாலையில் தமிழ்நாடு முடிகிற இடம் ஜூஜுவாடி. சோதனைச்சாவடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம். சிப்காட் கம்பெனிகளின் ஷிப்ட் பஸ்களும், கிரானைட் பாளம் ஏற்றிய லாரிகளும், ஆஸ்பத்திரிக்குப் போகும் கார்களும் இந்த ஒரே சாலையில்தான் நெருக்கியடிக்கின்றன. காய்ச்சல், தலைவலிக்கு ஓசூரே போதும். பெரிய ஆபரேஷன் என்றால் சிலர் கிருஷ்ணகிரிப் பக்கம் திரும்புவார்கள். அங்கே 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. பலர் எல்லை தாண்டிப் பொம்மசந்திரா, பெங்களூரு என்று போவார்கள். ஐந்தாறு நாளில் தையலோடு தங்கள் வாடகை வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள்.

திரும்பும்போது கையில் இருப்பது இரண்டு மூன்று பக்க டிஸ்சார்ஜ் சம்மரி. மயக்க மருந்தைப் பற்றி அதில் பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும்: பொது மயக்கத்தில் அறுவை செய்யப்பட்டது, சிக்கல் ஏதுமில்லை. ஆனால் அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு முழுத்தாள் இருக்கிறது. ஆபரேஷன் நடந்த மூன்று மணி நேரமும், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், ரத்தத்தின் ஆக்ஸிஜன் செறிவு, வெளிமூச்சில் வரும் கார்பன் டை ஆக்சைடு, காற்றை உள்ளே தள்ள வென்டிலேட்டருக்குத் தேவைப்பட்ட அழுத்தம் என்று கட்டம் கட்டமாக நிரப்பப்பட்ட அனஸ்தீசியா சார்ட். அது கேஸ் ஷீட்டோடு சேர்ந்து ரெக்கார்டு ரூமுக்குப் போய்விடுகிறது. வீடு திரும்பிய மனிதருக்கு எட்டாம் நாள் இருமலும் மூச்சிரைப்பும் வந்து ஜூஜுவாடியில் ஒரு கிளினிக்கின் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது, அவரைப் பார்க்கிற டாக்டருக்கு உதவியிருக்கக்கூடிய தடயங்கள் அந்தத் தாளில் இருக்கின்றன. தாள்தான் அங்கே இல்லை.

பெரிய அறுவைக்குப் பிறகு ஆளைக் கவிழ்ப்பது பல நேரம் அறுத்த இடம் அல்ல, நுரையீரல். "ஆபரேஷன் நல்லாத்தான் ஆச்சு, அப்புறம் சளி கட்டிக்கிச்சு" என்று வீட்டார் சொல்வதன் பின்னால் பல நிலைகள் உண்டு. நுரையீரலின் ஒரு பகுதி சுருங்கிப்போவது, நிமோனியா, மார்புக்கூட்டில் நீர் சேர்வது, மூச்சுக்குழல் இறுகுவது, மீண்டும் வென்டிலேட்டர் தேவைப்படும் அளவுக்கு மூச்சு தோற்பது. ஸ்பெயினின் கட்டலோனியாவில் 59 மருத்துவமனைகளில் 2,464 நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2010இல் வெளிவந்த அரிஸ்கேட் ஆய்வில், 100 பேரில் 5 பேருக்கு இவற்றில் ஏதாவது ஒன்று வந்தது. ஐந்துதானே என்று தோன்றலாம். அப்படி வந்தவர்களில் 19.5 சதவீதம் பேர் 30 நாளுக்குள் இறந்தார்கள். வராதவர்களில் இறந்தவர்கள் 0.5 சதவீதம்.

மயக்கத்தில் நுரையீரலுக்கு என்ன நடக்கிறது? 1963இல் ஹென்ரிக் பெண்டிக்சனும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவில் ஒன்றைக் கவனித்தார்கள். இயந்திரம் ஒரே அளவில் மூச்சு கொடுத்துக்கொண்டே இருந்தாலும், நேரம் ஆக ஆக நோயாளியின் ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்துகொண்டு வந்தது. நுரையீரல் ஆங்காங்கே சுருங்கி மூடிக்கொள்கிறது என்று அவர்கள் ஊகித்தார்கள். கண்ணால் பார்க்க இன்னும் இருபது ஆண்டு ஆயிற்று. 1980களில் சுவீடனில் ஹெடன்ஸ்டியர்னாவின் குழு மயக்கத்தில் இருப்பவர்களை சி.டி. ஸ்கேனில் வைத்துப் பார்த்தபோது, முதுகுப் பக்கத்து நுரையீரலில் வெள்ளைப் பட்டை ஒன்று தெரிந்தது. மயக்கம் கொடுத்த சில நிமிடங்களிலேயே தெரிந்தது. ஆரோக்கியமானவர்களிலும் பத்தில் ஒன்பது பேருக்கு ஓரளவு இது வருகிறது என்பது பின்னால் உறுதிப்பட்டது.

காரணம் எளிது. விழித்திருக்கும்போது நம் உதரவிதானம் தளர்ந்த நிலையிலும் கொஞ்சம் விறைப்போடு இருந்து, வயிற்றின் பாரத்தைத் தடுத்து நிறுத்துகிறது. மயக்க மருந்தும் தசைத்தளர்ப்பியும் சேர்ந்து அந்த விறைப்பை எடுத்துவிடுகின்றன. வயிறு மேலேறி நுரையீரலின் அடிப்பகுதியை அமுக்குகிறது. கூடவே, டியூப் போடும் முன் பாதுகாப்புக்காகக் கொடுக்கும் நூறு சதவீத ஆக்ஸிஜனும் ஒரு பங்கு வகிக்கிறது. சாதாரணக் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு இருக்கும் நைட்ரஜன் ரத்தத்தில் எளிதில் கரையாது; அதனால் நுண்ணறைகளை உள்ளிருந்து தாங்கிப் பிடிக்கும். அந்த இடத்தைத் தூய ஆக்ஸிஜன் பிடித்துக்கொண்டால், பாதை அடைபட்ட நுண்ணறையிலிருந்து அது முழுவதும் ரத்தத்துக்குள் உறிஞ்சப்பட்டு, நுண்ணறை காற்றுப்போன பலூனாகிவிடும். பெரும்பாலானவர்களுக்கு எழுந்து உட்கார்ந்து, இருமி, நடந்து ஒன்றிரண்டு நாளில் இது சரியாகிவிடுகிறது. யாருக்குச் சரியாகாது என்பதுதான் முன்கூட்டி அறிய வேண்டிய விஷயம்.

ஆபரேஷன் தியேட்டரில் எல்லோரும் பார்ப்பது பல்ஸ் ஆக்ஸிமீட்டரை. 1974இல் ஜப்பானில் தக்குவோ அயோயாகி கண்டுபிடித்த முறை. விரலில் மாட்டும் ஒரு கிளிப் பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. அதன் சத்தத்தின் சுருதி இறங்கினாலே மயக்க மருத்துவர் திரும்பிப் பார்ப்பார். ஆனால் யாருக்குச் சரியாகாது என்ற கேள்விக்கு அது ஒரு விதத்தில் தவறான நிம்மதியைத் தருகிறது. நோயாளி ஐம்பது சதவீத ஆக்ஸிஜன் மூச்சில் எடுத்துக்கொண்டிருக்கும்போது, நுரையீரலின் ஒரு பகுதி மூடிக்கிடந்தாலும் திரையில் 99 என்றே காட்டும். கூடுதல் ஆக்ஸிஜன் குறையை மூடிவிடுகிறது. கடன் வாங்கிய பணத்தில் கல்லாப்பெட்டி நிறைந்திருப்பது போன்றது இது. ஆபரேஷன் முடிந்து விழித்த நோயாளிக்கு, பாதுகாப்பான நிலையில், மாஸ்க்கைச் சில நிமிடம் எடுத்துவிட்டுச் சாதாரணக் காற்றில் செறிவு எவ்வளவு நிற்கிறது என்று பார்த்தால் உண்மை வெளியே வரும். ஸ்பெயினில் ஃபெராண்டோவின் குழு இதைக் காற்றுச் சோதனை என்று பெயரிட்டு, சி.டி. ஸ்கேனோடு ஒப்பிட்டுப் பார்த்து 2017இல் வெளியிட்டது. அவர்கள் கண்ட எல்லைக்கோடு 96. அதிலோ அதற்குக் கீழேயோ நின்றால் நுரையீரலில் சுருங்கிய பகுதி இருக்க வாய்ப்பு அதிகம். புதுக் கருவி வேண்டாம், செலவு இல்லை. தாலுகா மருத்துவமனையிலும் செய்யலாம். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த சோதனை இதுதான்.

பிடித்ததாலேயே ஒரு கேள்வியும் எழுகிறது. அந்த 96 யாருடைய 96?

ஜூஜுவாடியில் வாடகை வீட்டில் இருக்கும் 58 வயது மனிதர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். இருபத்தைந்து ஆண்டு கிரைண்டிங் வேலை. இரைப்பைப் புண்ணில் ஓட்டை விழுந்து, நடு ராத்திரியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவசர அறுவைக்கு வருகிறார். நுரையீரல் சிக்கலின் ஆபத்தைக் கணிக்க அரிஸ்கேட் ஆய்விலிருந்து உருவான மதிப்பெண் ஏழே விஷயங்களைக் கேட்கிறது: வயது, அறுவைக்கு முன் ஆக்ஸிஜன் செறிவு, கடந்த ஒரு மாதத்தில் சளி, இருமல், காய்ச்சல் உண்டா, ரத்தசோகை, வெட்டு எங்கே, எவ்வளவு நேரம், அவசரமா இல்லையா. நம்மவருக்கு வயது 51க்கு மேல், 3. மேல்வயிற்றில் வெட்டு, 15. இரண்டு மணி நேரத்தைத் தாண்டிவிடும், 16. அவசரம், 8. கூட்டினால் 42. ரத்தசோகை இல்லை, சமீபத்தில் சளியும் இல்லை. மிச்சம் இருப்பது ஆக்ஸிஜன் செறிவு மட்டும். படுத்த நிலையில், சாதாரணக் காற்றில், 96 என்று காட்டினால் மதிப்பெண் எதுவும் சேராது. 42இலேயே நிற்பார், அது நடுத்தர ஆபத்து வகுப்பு, அந்த வகுப்பில் சிக்கல் கண்டவர்கள் 13.3 சதவீதம். 95 என்று காட்டினால் 8 சேரும். மொத்தம் 50. 45ஐத் தொட்டாலே உயர் ஆபத்து வகுப்பு, அங்கே 42.1 சதவீதம்.

ஒரு சதவீத வித்தியாசத்தில் மனிதர் ஒரு வகுப்பிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிவிடுகிறார். கருவியின் சொந்தப் பிழையே ஏறத்தாழ இரண்டு சதவீதம் இப்படியும் அப்படியும் போகும். அது எல்லா ஊருக்கும் பொது. ஓசூருக்கென்று கூடுதலாக இரண்டு விஷயங்கள் இருக்கின்றன.

முதலாவது, உயரம். அரிஸ்கேட் பிறந்த கட்டலோனியாவின் பார்சிலோனா கடலோர நகரம். ஓசூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் மேலே இருக்கிறது. கடற்கரையில் 760 மி.மீ. பாதரசமாக இருக்கும் காற்றழுத்தம் இங்கே 685 அளவுக்கு இறங்கிவிடும். மருத்துவ மாணவர்கள் போடும் வழக்கமான சமன்பாட்டில் இட்டுப் பார்த்தால், நுண்ணறைகளில் ஆக்ஸிஜன் அழுத்தம் கடலோரத்தில் 100 என்றால் இங்கே 84 வருகிறது. குளிர்ந்த காற்றுக்காகப் பெயர் வாங்கிய ஊர்தான். அந்தக் குளிர்ச்சியைத் தருகிற உயரமே இதையும் செய்கிறது. இளைஞருக்கு இதனால் ஒன்றும் ஆகாது. அறுபதை நெருங்கும் ஆளைப் படுக்கவைத்துப் பார்த்தால், நுரையீரலில் நோயே இல்லாவிட்டாலும், கடலோரத்தில் 97 காட்டியிருக்கக்கூடியவர் இங்கே 95இலோ 96இலோ நிற்கலாம். அவருடைய நுரையீரலைப் பற்றி அந்த எண் புதிதாக எதையும் சொல்லவில்லை. மலையைப் பற்றிச் சொல்கிறது.

இரண்டாவது, தோலின் நிறம். 2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜோடிங் குழு வெளியிட்ட ஆய்வு ஆக்ஸிமீட்டரைப் பற்றிய பழைய சந்தேகம் ஒன்றை உறுதிப்படுத்தியது. கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரங்களில், தமனி ரத்தத்தை எடுத்துச் சோதித்தபோது உண்மைச் செறிவு 88க்குக் கீழே இருந்தது கறுப்பின நோயாளிகளில் 11.7 சதவீதம், வெள்ளையரில் 3.6 சதவீதம். ஒளியை விரலில் பாய்ச்சி அளக்கும் கருவி, கருந்தோலில் செறிவைக் கூட்டிக் காட்டிவிடுகிறது. ஜல்லி லாரியிலும் குவாரியிலும் வெயிலில் கருத்த விரல் இந்த ஆய்வில் இல்லை. ஆனாலும் நம் ஊர்க்காரர்களுக்கு இதில் கவலைப்பட இடம் இருக்கிறது.

உயரம் எண்ணை இறக்குகிறது, நிறம் ஏற்றுகிறது, இரண்டும் சமன்பட்டுவிடும் என்று நினைப்பது பிழை. நோயில்லாத ஒருவரை உயரம் நோயாளியாகக் காட்டும். நோயுள்ள இன்னொருவரை நிறம் நலமாகக் காட்டும். கூட்டத்தின் சராசரி சரியாக இருக்கலாம். படுக்கையில் இருக்கும் ஆள் சராசரி அல்ல.

இதோடு தூசியையும் சேர்க்க வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டம் கிரானைட்டுக்குப் பேர்போனது. பாளம் அறுப்பதிலும் பாலிஷ் போடுவதிலும் பறக்கும் நுண்தூளில் சிலிக்கா இருக்கிறது. நீர் விட்டு அறுத்தால் தூசி அடங்கும். உலர அறுத்தால் அது தொழிலாளியின் நெஞ்சில்தான் அடங்கும். வார்ப்படப் பட்டறை மணலிலும் அதே சிலிக்கா உண்டு. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே சிலிக்கோசிஸ் அறிவிக்கப்பட வேண்டிய நோயாகப் பட்டியலில் இருக்கிறது. இன்னொரு பக்கம், விறகடுப்புப் புகையில் முப்பது ஆண்டு சமைத்த பெண்கள். பீடி தொடாத அவர்களுக்கும் மூச்சுக்குழல் அடைப்பு நோய் வருகிறது என்பதைச் சென்னை ஸ்ரீ ராமச்சந்திராவின் கல்பனா பாலகிருஷ்ணன் உள்ளிட்டோர் தமிழகக் கிராமங்களில் செய்த ஆய்வுகளும், புனேயின் சந்தீப் சால்வி எழுதியவையும் காட்டுகின்றன. அரிஸ்கேட் கேட்கும் ஏழு கேள்விகளில் "என்ன வேலை செய்தீர்கள், எதில் சமைத்தீர்கள்" என்பது இல்லை. நம் ஊரில் அந்த இரண்டையும் கேட்காமல் நெஞ்சைப் பற்றி எதையும் சொல்லிவிட முடியாது.

அந்த மதிப்பெண்ணைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஐரோப்பாவிலேயே 63 மருத்துவமனைகளில் 5,099 பேரிடம் அதைச் சோதித்து 2014இல் வெளியிட்டார்கள். மொத்தத்தில் நன்றாகவே வேலை செய்தது, ஆனால் பிராந்தியத்துக்குப் பிராந்தியம் துல்லியம் மாறியது. ஸ்பெயினிலிருந்து கிழக்கு ஐரோப்பா போவதற்குள்ளேயே மாறுகிறது என்றால், அத்திப்பள்ளி வரை வந்து சேர்வதற்குள் எவ்வளவு மாறும்?

அறுவைக்கு முன் எடுக்கும் எண்ணில் இவ்வளவு சிக்கல் இருப்பதால்தான், அறுவை நடக்கும்போது கிடைக்கும் எண்கள் முக்கியமாகின்றன. அவை அந்த ஆளை அந்த ஆளோடேயே ஒப்பிடுகின்றன. முதல் பத்து நிமிடத்தில் அவருடைய நுரையீரல் எப்படி இருந்தது, இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு எப்படி இருக்கிறது என்பதில் உயரமும் நிறமும் குறுக்கே வருவதில்லை.

நம்மவரின் சார்ட்டையே விரித்துப் பார்ப்போம். உயரம் 165 செ.மீ.; அந்த உயரத்துக்குக் கணக்கிட்ட எடை 61 கிலோ சொச்சம். கிலோவுக்கு 7 மில்லி என்று ஒரு மூச்சுக்கு 430 மில்லி காற்று. மூச்சின் முடிவில் நுரையீரல் முழுவதும் காலியாகிவிடாதபடி இயந்திரம் பிடித்துவைக்கும் அழுத்தத்தை மருத்துவர்கள் பீப் என்பார்கள், அது 5 செ.மீ. நீர் அழுத்தம். காற்று உள்ளே போய் ஒரு கணம் நிற்கும்போது நுரையீரலில் இருக்கும் அழுத்தம், தொடக்கத்தில் 17. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 12. இதைத்தான் டிரைவிங் பிரஷர் என்கிறார்கள். அந்த 430 மில்லியை உள்ளே விரிக்க உண்மையில் தேவைப்பட்ட உந்துதல். ஒன்றரை மணி நேரம் கழித்து அதே 430 மில்லிக்கு அழுத்தம் 22 ஆகிறது. வித்தியாசம் 17. ஒரு செ.மீ. அழுத்தத்துக்கு 36 மில்லி விரிந்த நுரையீரல் இப்போது 25 மில்லிதான் விரிகிறது. ஆக்ஸிமீட்டர் இந்த நேரம் முழுவதும் 99 என்று காட்டிக்கொண்டிருக்கிறது.

என்ன நடந்திருக்கலாம்? நுரையீரலின் ஒரு பகுதி மூடிக்கொண்டிருக்கலாம். அப்படியானால் மொத்தக் காற்றும் மிச்சம் திறந்திருக்கும் பகுதிக்குள் திணிக்கப்படுகிறது. டியூப் கொஞ்சம் உள்ளே நழுவி ஒரு பக்க நுரையீரலுக்கு மட்டும் காற்று போகலாம். சளி அடைத்திருக்கலாம். சர்ஜன் வயிற்றில் துணி அடைத்து ரிட்ராக்டர் போட்டதாகவும் இருக்கலாம். நல்ல மயக்க மருத்துவர் எண்ணைப் பார்த்ததும் ஸ்டெத்தஸ்கோப்பை வைத்து இரண்டு பக்கமும் கேட்பார், வெளிமூச்சின் கார்பன் டை ஆக்சைடை வரைந்து காட்டும் கேப்னோகிராஃபின் அலை சுறாவின் முதுகுத் துடுப்பு மாதிரி சரிந்திருக்கிறதா என்று பார்ப்பார். அப்படிச் சரிந்திருந்தால் மூச்சுக்குழல் இறுக்கம். சர்ஜனிடம் "கொஞ்சம் கையை எடுங்க" என்பார். எண் வெறும் தட்டுதான், கதவைத் திறந்து பார்ப்பது மனிதர்.

டிரைவிங் பிரஷருக்கும் பின்னால் வரும் சிக்கலுக்கும் தொடர்பு இருப்பதை 2016இல் சேர்ப்பா நெட்டோ குழு காட்டியது. 17 ஆய்வுகளில் இருந்த 2,250 நோயாளிகளின் விவரங்களை ஒன்றாக்கிப் பார்த்தபோது, டிரைவிங் பிரஷர் கூடக் கூட நுரையீரல் சிக்கலும் கூடியது. மூச்சின் அளவும் முக்கியம். பிரான்சில் 400 பேரிடம் நடந்து 2013இல் வெளிவந்த சோதனையில், கிலோவுக்கு 10 முதல் 12 மில்லி என்று தாராளமாகக் கொடுத்த பழைய முறையில் 27.5 சதவீதம் பேருக்குச் சிக்கல். 6 முதல் 8 மில்லி கொடுத்து, பீப் வைத்து, அவ்வப்போது நுரையீரலை விரித்துவிட்ட முறையில் 10.5 சதவீதம். ஆனால் பீப்பை 12 வரை ஏற்றி 900 பேரிடம் பார்த்த 2014ஆம் ஆண்டுச் சோதனையில் பலன் ஏதுமில்லை. ரத்த அழுத்தம்தான் விழுந்தது.

தசைத்தளர்ப்பி இன்னொரு தடயம். ஆபரேஷன் முடிந்ததும் "கண்ணைத் திறங்க, கையை இறுக்கிப் பிடிங்க, தலையைத் தூக்குங்க" என்று நோயாளியிடம் உரக்கச் சொல்வதை ரெக்கவரி அறையின் வாசலில் நிற்பவர்களே கேட்டிருப்பார்கள். தலையைத் தூக்கிவிட்டார், டியூபை எடுக்கலாம் என்பது பழைய வழக்கம். ஆனால் மருந்து முழுதும் இறங்காத நிலையிலும் ஐந்து வினாடி தலையைத் தூக்கிக் காட்ட முடியும். தொண்டைத் தசைகள்தான் கடைசியில் மீளும். அதுவரை எச்சில் மூச்சுக்குழலுக்குள் இறங்கும், இருமலில் வலு இருக்காது. மணிக்கட்டில் நான்கு சிறு மின்துடிப்புகள் கொடுத்துக் கட்டைவிரல் அசைவை அளக்கும் கருவி இருக்கிறது. நான்காவது அசைவு முதலாவதில் 90 சதவீதமாவது இருக்க வேண்டும். ஐரோப்பாவின் 28 நாடுகளில் 22,803 பேரிடம் நடந்த, 2019இல் அச்சான பாப்புலர் ஆய்வு, தசைத்தளர்ப்பி பெற்றவர்களுக்கு நுரையீரல் சிக்கல் அதிகம் என்று கண்டது. கட்டைவிரல் கடைசியாகக் காட்டிய எண்ணும் சார்ட்டில் ஒரு கட்டத்தில் இருக்க வேண்டியதுதான்.

இந்தத் தடயங்களை எல்லாம் ஒன்றாகக் கோர்க்கும் முயற்சிகள் நடக்கின்றன. 29 நாடுகளின் 146 மருத்துவமனைகளில் நடந்த லாஸ் வேகாஸ் என்ற ஆய்விலிருந்து 2018இல் 13 அம்சங்கள் கொண்ட ஒரு மதிப்பெண் உருவானது. அறுவையின் நடுவே ஆக்ஸிஜன் செறிவு விழுந்ததா, ரத்த அழுத்தத்தைத் தூக்க மருந்து தேவைப்பட்டதா என்பவை அதில் உண்டு. அதன் துல்லியம் 0.72 முதல் 0.78 வரை. அதாவது, சிக்கல் வந்த ஒருவரையும் வராத ஒருவரையும் ஜோடி ஜோடியாக எடுத்தால், நூறு ஜோடியில் முக்கால்வாசியில் சரியான ஆளை அதிக ஆபத்து என்று காட்டும். கால்வாசியில் தவறும்.

அந்தப் பட்டியலில் ஒன்று என்னை யோசிக்க வைத்தது: பீப் 3க்கு மேல் வைத்திருந்தால் ஆபத்து அதிகம். நுரையீரலைக் காக்க வைக்கும் அழுத்தம் எப்படி ஆபத்தாகும்? யாருடைய நுரையீரல் மூடிக்கொள்ளும் என்று மயக்க மருத்துவர் முன்பே பயந்தாரோ, அவருக்குத்தான் பீப்பைக் கூட்டியிருப்பார். எண் நுரையீரலை அளக்கவில்லை, மருத்துவரின் கவலையை அளந்திருக்கிறது. கணினி கற்றுக்கொள்ளும்போதும் இதே கதைதான். தென் கொரியாவில் சியோல் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை 6,388 அறுவைகளின் மானிட்டர் பதிவுகளை வினாடி வினாடியாக உலகுக்குத் திறந்துவைத்திருக்கிறது. உலகெங்கும் ஆய்வாளர்கள் அதில்தான் தங்கள் முன்கணிப்பு நிரல்களைப் பழக்குகிறார்கள். மிகப் பெரிய கொடை அது. ஆனால் அதில் பழகிய நிரல், சியோலின் மயக்க மருத்துவர்கள் எப்போது எந்தத் திருகை எப்படித் திருகுவார்கள் என்பதையும் சேர்த்துத்தான் கற்றிருக்கும்.

சரியாகவே கணித்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். பிறகு? ஆப்பிரிக்காவின் 25 நாடுகளில் 11,422 பேரைப் பின்தொடர்ந்த, 2018இல் வெளிவந்த ஆய்வில், இறந்த 239 பேரில் 225 பேர் அறுவை நாளுக்குப் பிறகே இறந்தார்கள். தியேட்டரில் அல்ல, வார்டில். எனவே அடுத்த பெரிய சோதனையில், மதிப்பெண் போட்டு ஆபத்தானவர்களைப் பிரித்து, வார்டில் கூடுதலாகக் கவனிக்கச் சொன்னார்கள்: நர்ஸ் மேசைக்கு அருகே படுக்கை, அடிக்கடி பரிசோதனை, தலைமாட்டில் ஒரு குறிப்பு. 300க்கும் மேற்பட்ட மருத்துவமனைகள், 28 நாடுகள். 2021இல் முடிவு வந்தது. இறப்பு குறையவில்லை. இதைப் படித்தபோது மனம் கனத்துப்போயிற்று. கூடுதலாகக் கவனிக்கச் சொன்னார்களே தவிர, கூடுதலாக நர்ஸ் யாரும் வரவில்லை. இரவு ஷிப்டில் ஒரு சிஸ்டர் நாற்பது படுக்கையைப் பார்க்கும் வார்டில், யாருக்கு ஆபத்து என்ற எண் அவருக்கு இன்னொரு சுமை.

பலன் தந்தது எது என்று பார்த்தால், அது ஆச்சரியப்படும் அளவுக்கு எளிமையாக இருக்கிறது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் மேல்வயிற்று அறுவைக்குக் காத்திருந்த 441 பேரில் ஒரு பாதிப் பேருக்கு, அறுவைக்கு முன்பே அரை மணி நேரம் ஒரு பிசியோதெரபிஸ்ட் உட்கார்ந்து பேசினார். நுரையீரலுக்கு என்ன ஆகும், விழித்ததும் எப்படி மூச்சை இழுக்க வேண்டும், எப்படி இரும வேண்டும். அவ்வளவுதான். கையேடு மட்டும் பெற்றவர்களில் 27 சதவீதம் பேருக்கு நுரையீரல் சிக்கல். பேசிச் சொல்லிக்கொடுத்தவர்களில் 12 சதவீதம். 2018இல் வெளிவந்த முடிவு இது.

எல்லையோர ஊரில் அந்த அரை மணி நேரத்துக்கு ஒரு தனிச் சிரமம் உண்டு. அறுவைக்குப் பிறகு மூன்று பந்து இருக்கும் பிளாஸ்டிக் கருவியைக் கையில் கொடுப்பார்கள். பந்தைப் பார்த்ததும் பலரும் ஊதத் தொடங்கிவிடுவார்கள். பலூன் என்றால் ஊதுவதுதானே பழக்கம். ஆனால் அது உறிஞ்சுவதற்கான கருவி. ஊதினால் பந்து அசையாது, நுரையீரலும் விரியாது. "ஊதாதீங்க, மூச்சை உள்ள இழுங்க" என்று ஒருவர் பக்கத்தில் நின்று சொல்ல வேண்டும். அதையும் அவரவர் மொழியில். ஓசூரில் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெலுங்கு, "ஊபிரி பீல்ச்சண்டி". பாளம் அறுக்க ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையனுக்கு "சான்ஸ் கீஞ்சோ". அத்திப்பள்ளியின் ஆளுக்கு "உசிரு எளெதுகொள்ளி". ஒரே வார்டில் நான்கு மொழி. வயிற்றுத் தையலின் மேல் தலையணையை அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமச் சொல்வதையும் செய்து காட்டத்தான் வேண்டும். தாளில் அச்சடித்துக் கொடுத்தால் படித்துவிட்டு வைத்துவிடுவார்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் "சிக்கல் ஏதுமில்லை" என்ற அந்த வரிக்குப் பதிலாக நான்கு வரி இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அறுவைக்கு முன் சாதாரணக் காற்றில் ஆக்ஸிஜன் செறிவு எவ்வளவு, அளந்தது எந்த ஊரில். மயக்கத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் டிரைவிங் பிரஷர் எவ்வளவு. தசைத்தளர்ப்பி இறங்கியது அளந்து உறுதிசெய்யப்பட்டதா, எத்தனை சதவீதம். ரெக்கவரி அறையில் மாஸ்க் இல்லாமல் செறிவு எவ்வளவு நின்றது. எல்லாம் ஏற்கெனவே சார்ட்டில் இருப்பவை, அல்லது ஐந்து நிமிடத்தில் அளக்கக்கூடியவை. 2021இல் நாடு முழுவதற்கும் தொடங்கப்பட்ட டிஜிட்டல் சுகாதார அடையாள எண் மாநில எல்லையைப் பார்ப்பதில்லை. அதில் ஏற்றும் தாளில் இந்த நான்கு வரி இருந்தால் ஜூஜுவாடி கிளினிக் டாக்டரின் கைப்பேசிக்கே வந்து சேரும். அடையாள எண் இல்லாவிட்டாலும், ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தால் நோயாளி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்துவிடுவார். எட்டாம் நாள் இருமலோடு வந்தவரின் செறிவு 94 என்று கிளினிக்கில் காட்டினால், சீட்டில் 96 இருந்ததா 94 இருந்ததா என்பதை வைத்து, மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்புவதா, எக்ஸ்ரேக்கு உடனே அனுப்புவதா என்று முடிவெடுக்கலாம்.

நான்காவது வரியைச் சரியாகப் படிக்க, அதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. 900 மீட்டர் உயரத்தில், இந்த ஊர்க்காரர்களுக்கு, இயல்பான செறிவு எவ்வளவு? கிருஷ்ணகிரி மருத்துவக் கல்லூரி மாணவர்களோ ஓசூர் நர்சிங் மாணவிகளோ ஒரு மாதத்தில் செய்து முடிக்கக்கூடிய அளவீடு இது. கம்பெனி வாசலில், ரேஷன் கடை வரிசையில், வாரச் சந்தையில், நலமாக இருக்கும் ஐந்நூறு பேரை உட்காரவைத்து ஒருமுறை, படுக்கவைத்து ஒருமுறை அளக்க வேண்டும். வயது, உயரம், தோல் நிறம், செய்த வேலை, அடுப்பு எது என்று ஐந்து கட்டம் போட்ட ஒரு நோட்டு. கருவி ஒவ்வொரு காலையும் சரிபார்க்கப்பட வேண்டும்; விரலில் மருதாணியும் கிரீஸும் இருந்தால் துடைத்துவிட்டு, போகாவிட்டால் காது மடலில் மாட்ட வேண்டும். படுத்த ஐந்தாம் நிமிடத்தில் திரையில் நிற்கும் எண்ணை எழுதிக்கொள்ள வேண்டும்.